நூறு முட்டையிட்டும் சத்தம் போடாத தாய்

கோழி ஒரே ஒரு முட்டை இட்டுவிட்டு ஊரையே கூட்டும். ஆமை நூறு முட்டை இட்டாலும் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. மலாய்க்காரர்களிடம் இப்படி ஒரு பழமொழி உண்டு. செய்கிற காரியத்தைத் தம்பட்டம் அடிக்காமல் செய்பவர்களைப் பாராட்டும்போது சொல்வார்கள். கம்பத்து மக்களோடு பழகிய வாசகர்கள் கேட்டிருக்கலாம்.

அந்தச் சத்தமில்லாத தாயைப் பற்றித்தான் இந்த மாதம் ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கும் வாசகி. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு காஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் போய், அங்கிருந்து படகேறி ஒரு தீவுக்குப் போனார்களாம். கரையில் வேலி போட்டு, உள்ளே வட்ட வட்டமாகக் கம்பி வலை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணும் தேதியும் எழுதி வைத்திருந்தார்களாம். "கீழே ஆமை முட்டை இருக்கிறது" என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்களாம்.

"கடலிலேயே வாழும் ஆமை, முட்டையிட மட்டும் ஏன் கரைக்கு வருகிறது? அது புதைத்த முட்டையை மனிதர்கள் தோண்டி எடுத்து ஏன் வேறு இடத்தில் புதைக்கிறார்கள்?" என்று கேட்கிறார். கடைசியாக இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "என் மாமியார் சின்ன வயதில் சந்தையில் ஆமை முட்டை வாங்கிச் சாப்பிட்டவர். 'நாங்கள் வருஷா வருஷம் தின்றோம், வருஷா வருஷம் வந்துகொண்டேதான் இருந்தது. முட்டை எடுத்ததால் ஆமை அழிந்தது என்பதெல்லாம் சும்மா' என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஆமை கரையேறும் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆமை மீன் இனம் அல்ல. பல்லி, பாம்பு, முதலை ஆகியவற்றின் உறவு. நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு விடுவது. அதன் முட்டைக்குள் வளரும் குஞ்சுக்கும் ஓட்டின் வழியாகக் காற்று போக வேண்டும். முட்டையைத் தண்ணீரில் போட்டால் உள்ளே இருக்கும் உயிர் மூச்சுத் திணறிச் செத்துவிடும். ஆகவே எத்தனை ஆயிரம் மைல் நீந்தினாலும் பிரசவத்துக்குத் தாய் நிலத்துக்கு வந்தே தீர வேண்டும்.

மலேசியக் கரைகளில் முட்டையிடும் கடலாமைகள் நான்கு வகை. பேராமையை மலாயில் பெஞ்ஞு அகார் என்பார்கள். கடற்புல் மேய்வது. கொழுப்பு பச்சை நிறமாக இருப்பதால் பச்சையாமை என்றும் பெயர். அழுங்காமைக்குக் கிளி மூக்குப் போல வளைந்த வாய். ஒரு காலத்தில் சீப்பும் மூக்குக் கண்ணாடிச் சட்டமும் செய்தது இதன் ஓட்டில்தான். மூன்றாவது, பங்குனி ஆமை. தமிழ்நாட்டுக் கரையில் பங்குனியை ஒட்டி முட்டையிட வருவதால் மீனவர் வைத்த பெயர். நான்காவது எல்லாவற்றிலும் பெரியது. ஐந்நூறு கிலோவைத் தாண்டுவதும் உண்டு. ஓட்டுக்குப் பதில் ரப்பர் போன்ற கரிய தோல் போர்த்தியிருக்கும். முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்புகள். மலாய்க்காரர்கள் அதைப் பார்த்து பிளிம்பிங் பழத்தை நினைத்து பெஞ்ஞு பிளிம்பிங் என்றார்கள். நம்மவர்கள் வரம்புகளை எண்ணி ஏழுவரி ஆமை என்றார்கள்.

ஜொகூரில் இன்று முட்டையிட வருபவை பெரும்பாலும் முதல் இரண்டும்தான். மெர்சிங்குக்கு எதிரே சிபு, திங்கி, பெசார், தெங்கா, பெமாங்கில், ஆவுர் என்று தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. சிபுவுக்கும் திங்கிக்கும் அருகே கடலடியில் கடற்புல் வளர்ந்திருக்கிறது. ஆவுலியா என்னும் கடற்பசுவும் அங்கே மேயும். பக்கத்திலேயே பவளப்பாறை. மேய்ச்சலும் மணலும் அடுத்தடுத்து இருப்பது ஆமைக்கு வசதி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் அமைதியான பிறகு, மார்ச் வாக்கில் வரத் தொடங்கும். ஆண்டின் நடுமாதங்களில் அதிகம்.

கரையேறுவது அநேகமாக இரவில், தண்ணீர் ஏறி நிற்கும் வேளையில். அலை ஓரத்தில் தலையைத் தூக்கிச் சற்று நேரம் பார்க்கும். விளக்கு வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ தெரிந்தால் அப்படியே திரும்பிவிடும். சந்தேகமில்லை என்றால் மேலேறும். கடலில் பறவை போல் பறக்கும் பிராணிக்கு மணலில் தன் எடையே பெரும் பாரம். பேராமை நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். துடுப்புக் கைகளால் உடம்பை இழுப்பதும், நின்று பெருமூச்சு விடுவதும், மறுபடி இழுப்பதுமாக, அலை எட்டாத மேட்டுக்குப் போய்ச் சேரும். மறுநாள் காலையில் பார்த்தால் டிராக்டர் போன தடம் போல இருக்கும்.

இடம் பிடித்ததும் முன் துடுப்புகளால் மணலை வாரி வீசி, உடம்பு அமரும் அளவுக்குப் பள்ளம் பறிக்கும். பிறகுதான் அந்த அதிசய வேலை. பின் துடுப்பு ஒன்றைக் கிண்ணம் போல் மடித்து ஒரு பிடி மணல் அள்ளி வெளியே வைக்கும். அடுத்து மற்றத் துடுப்பு. மாறி மாறி, நிதானமாக, இரண்டடி ஆழத்துக்குப் பானை போல ஒரு குழி தோண்டும். இத்தனையும் கண்ணால் பார்க்காமல்! குழி அதன் வாலுக்குக் கீழே இருக்கிறது. கடலாமையின் கழுத்து அவ்வளவு தூரம் திரும்பாது. துடுப்புக்கு மணல் எட்டாமல் போனதும் குழி போதும் என்று நிறுத்திவிடும். நடுவில் வேரோ கல்லோ தட்டுப்பட்டால் விட்டுவிட்டு வேறு இடம் தேடும். சில இரவுகளில் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பி, அடுத்த நாள் மறுபடி வருவதும் உண்டு.

முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழும். பேராமை ஒரு தடவைக்கு நூறு, நூற்றுப் பத்து இடும். அழுங்காமை அதைவிடக் கூடுதலாகவும் இடும். பிங்பாங் பந்து அளவு, பால் வெள்ளை. ஓடு கோழி முட்டை போல் உடையாது. தோல் போல் அமுங்கும். அதனால்தான் இரண்டடி மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்தும் உடைவதில்லை. இந்த நேரத்தில் தாயின் கண்ணிலிருந்து நீர் வழியும். பிரசவ வேதனையில் அழுகிறது என்று பார்த்தவர்கள் உருகிப் போவார்கள். உண்மையில் அது கடல் நீரோடு உடம்பில் சேர்ந்த உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வழியாக வெளியேற்றுவது. கடலுக்குள்ளும் எப்போதும் இப்படி வடிந்துகொண்டுதான் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரிவது கரையில் மட்டும்.

இட்டு முடித்ததும் பின் துடுப்பால் மணலைத் தள்ளி மூடி, அழுத்தி, பிறகு முன் துடுப்புகளால் நாலாபுறமும் மணலை வாரி இறைத்து, குழி எந்த இடம் என்று யாருக்கும் தெரியாதபடி கலைத்துவிடும். கடலுக்குத் திரும்பிவிட்டால் அந்த முட்டைகளை அது மறுபடி பார்ப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதே கரைக்கு வந்து அடுத்த ஈடு இடும். ஒரு பருவத்தில் இப்படிப் பல தடவை. அதன் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வராது.

நம் சங்கப் புலவர்கள் இதையெல்லாம் கவனித்திருக்கிறார்கள் என்பது ஆச்சரியம். அகநானூற்றின் 160-ஆம் பாட்டில் குமுழிஞாழலார் நப்பசலையார் என்னும் புலவர், சூல் நிறைந்த ஆமை அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் மறைத்துப் புதைக்கும் முட்டையைப் பாடியிருக்கிறார். உருண்டை வடிவத்தையும் புலால் நாற்றத்தையும்கூட விடவில்லை. ஊதாப் பூப் பூக்கும் அதே அடும்பங்கொடி ஜொகூர் கரைகளிலும் படர்ந்து கிடக்கிறது. குதிரைக் குளம்பு போன்ற இலையைப் பார்த்து மலாயில் தாப்பாக் கூடா என்பார்கள். ஒன்றில் மட்டும் புலவர் சற்றுத் தாராளமாக நடந்துகொண்டார். குஞ்சு பொரிக்கும் வரை ஆண் ஆமை முட்டைகளைக் காக்கும் என்கிறார். ஆண் கடலாமை முட்டையைக் காக்கக் கரைக்கு வருவதே இல்லை. ஆமையைச் சொல்லும்போது திருக்குறளில் ஐம்புலனை அடக்குவதற்கு வள்ளுவர் காட்டும் ஆமையும் பலருக்கு நினைவு வரும். அது குளத்து ஆமையாகத்தான் இருக்க வேண்டும். கடலாமைக்குத் தலையையோ துடுப்பையோ ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது.

மணலுக்குள் முட்டை சுமார் ஐம்பது முதல் அறுபது நாள் இருக்கும். அடைகாப்பது சூரியன். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் அந்தச் சூடுதான். ஏறத்தாழ 29 டிகிரி சூட்டில் இரண்டும் கலந்து பொரிக்கும். அதைவிடக் குளிர்ந்த மணலில் ஆண் அதிகம், சூடான மணலில் பெண் அதிகம். கரையோர மரநிழல் ஏன் முக்கியம் என்று இதிலிருந்து தெரியும். பூமி சூடாகிக்கொண்டே போனால் ஆண் ஆமைக்குப் பஞ்சம் வந்துவிடும் என்பது இன்றைய ஆராய்ச்சியாளர்களின் கவலை.

பொரித்த குஞ்சுகள் தனித்தனியே வருவதில்லை. எல்லாம் சேர்ந்து உதைத்து மேலிருந்து மணலைச் சரித்து, அந்த மணல் காலடியில் நிரம்ப நிரம்பப் படியேறுவது போல் ஏறி வரும். மேல் மணல் குளிர்ந்த பிறகு, இருட்டில், ஒரே கூட்டமாக வெளியே பாயும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் இரவில் வெளிச்சமாகத் தெரிவது கடல். கரையில் விளக்குப் போட்டு வைத்தால் பாவம், காட்டுப் பக்கம் ஓடி எறும்புக்கும் வெயிலுக்கும் பலியாகும். நண்டு, உடும்பு, பறவை, மீன் எல்லாவற்றையும் தாண்டிப் பெரிதாவது ஆயிரத்தில் ஒன்று என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். அந்த ஒன்று பேராமையாக இருந்தால், தாயாவதற்கு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆகலாம். அதன் பிறகு, தான் பிறந்த கடற்கரைப் பகுதியைத் தேடி வந்து முட்டையிடும்.

இனி மாமியார் கேள்விக்கு வருவோம்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ரப்பர் கன்று நட்டால் ஆறேழு ஆண்டு கழித்துத்தான் பால் வெட்டலாம். அதன் பிறகு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பால் தரும். ஒரு தோட்ட நிர்வாகம் மறுநடவே செய்யாமல் விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் பால் குறையுமா? குறையாது. பத்து வருஷம் கழித்தும் வாளி நிறையும். கணக்குப் புத்தகத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். பிறகு கிழட்டு மரங்கள் ஒவ்வொன்றாகப் படுக்கும்போது அந்த இடத்தில் நிற்க இளமரம் இருக்காது. அப்போது நட்டாலும் ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். ஆமைக்கு அந்த ஆறேழு என்பது இருபத்தைந்து, முப்பது. முட்டைகளை ஒன்று விடாமல் எடுத்தாலும், முன்பே பிறந்து வளர்ந்த தாய்கள் வருஷா வருஷம் வந்துகொண்டேதான் இருக்கும். மாமியார் பார்த்தது அந்தத் தாய்களை. அவர் பார்த்தது பொய்யல்ல. அவை போன பிறகு வர வேண்டிய மகள்களை அவர் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

இது கற்பனைக் கணக்கு அல்ல. திரெங்கானுவில், டுங்குன் பக்கத்தில் உள்ள ரந்தாவ் அபாங் கரையில் நடந்தது. ஏழுவரி ஆமை உலகத்திலேயே அதிகமாக வந்த கரைகளில் அது ஒன்று. 1956-ஆம் ஆண்டு 10,000-க்கு மேற்பட்ட கூடுகள் கணக்கில் இருக்கின்றன. ஒரு தாய் ஒரு பருவத்தில் ஐந்தாறு தடவை இடும் என்றால், இரண்டாயிரம் தாய்கள் வரை வந்திருக்க வேண்டும். கரையைப் பகுதி பகுதியாக ஏலம் விட்டார்கள். குத்தகை எடுத்தவர்கள் இரவெல்லாம் காத்திருந்து, ஏறத்தாழ எல்லா முட்டையையும் எடுத்துச் சந்தைக்கு அனுப்பினார்கள். 1961-இல் பொரிப்பகம் தொடங்கினார்கள் என்றாலும் அங்கே புதைத்தது மிகச் சிறு பங்கு. 1970-களிலும் 80-களிலும் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வந்து, டார்ச் அடித்து, ஆமை முதுகில் ஏறி உட்கார்ந்துகூடப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

1988-இல் ஏழுவரி ஆமை முட்டையை விற்கத் தடை வந்தது. ஆனால் 1994-இல் எண்ணியபோது இருநூறு சொச்சம் கூடுகள்தான். 2000-க்குப் பிறகு விரல் விட்டு எண்ணும் நிலை. இன்று அங்கே ஒரு ஏழுவரி ஆமை கரையேறினால் அது பத்திரிகைச் செய்தி. பொரிப்பகத்திலும் ஒரு சங்கடம் இருந்தது. நிழல் இல்லாத வெட்டவெளி மணலில் புதைத்ததால் பொரித்தவை ஏறக்குறைய எல்லாமே பெண் குஞ்சுகள் என்று திரெங்கானு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் கண்டறிந்தார்கள். பிந்தி நட்ட கன்றிலும் பாதி பழுதானது போல.

முட்டை எடுத்தது மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிடக் கூடாது. ரந்தாவ் அபாங்கில் அடையாள வில்லை பூட்டி அனுப்பிய ஆமைகள் பிலிப்பைன்ஸ், ஜப்பான் கடல் வரை போய்ச் சிக்கியிருக்கின்றன. மைல் கணக்கில் நீளும் மிதவை வலைகள் பசிபிக்கில் எத்தனையோ ஆமைகளைக் கொன்றன. ஐக்கிய நாட்டுச் சபை 1992 முடிவோடு அவற்றை ஆழ்கடலில் நிறுத்தச் சொன்னது. இழுவை வலை இன்றும் ஆபத்துதான். வலைக்குள் மாட்டிய ஆமை மேலே வந்து மூச்சு விட முடியாமல் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. தமிழ்நாட்டில் 1988 முதல் மாணவர்கள் இரவு இரவாகக் கரையில் நடந்து முட்டை சேகரித்துப் பாதுகாத்து வருகிறார்கள். அவர்கள் காப்பாற்றியதைக் கடலில் வலை வாரிக்கொண்டு போகிறது என்று எண்ணும்போது மனம் கசக்கிறது. ஆமை தப்பிப் போக வழி வைத்த இழுவை வலைகள் இருக்கின்றன. நம் நாட்டுக் கிழக்குக் கரையிலும் சில ஆண்டுகளாக அவற்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

வாசகியின் இன்னொரு கேள்வி: முட்டையைத் தோண்டி வேறிடத்தில் புதைப்பது ஏன்? அலை எட்டும் இடத்தில் இட்ட முட்டை அழுகிவிடும். உடும்பும் மனிதத் திருடனும் விட்டுவைப்பதில்லை. ஆகவே காவலுள்ள இடத்துக்கு மாற்றுகிறார்கள். மெர்சிங்குக்கு எதிரே தெங்கா தீவில் இப்படி ஒரு பொரிப்பகம் இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் வியட்நாம் அகதிகளைத் தங்க வைத்த அதே தீவுதான். ஆனால் மாற்றுவது கண்டவர்கள் செய்யும் காரியமல்ல. இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு உள்ளே கரு ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். முட்டையைச் சற்றே புரட்டினாலும் கரு செத்துவிடும். மணலில் முட்டையைக் கண்டால் பிள்ளைகள் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கக் கூடாது என்பது இதற்காகத்தான்.

மருந்து என்று சொல்லி ஆமை முட்டை விற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எவ்வளவு வேக வைத்தாலும் வெள்ளைக்கரு கட்டிப்படாமல் கொழகொழவென்று இருப்பதால் அதில் ஏதோ விசேஷ சக்தி இருப்பதாக ஒரு நம்பிக்கை. இழுப்புக்கும் ஆண்மைக்கும் நல்லது என்பார்கள். அப்படி எந்தச் சத்தும் அதில் இல்லை. மாறாக, தீபகற்பத்துச் சந்தைகளில் வாங்கிய பேராமை முட்டைகளைச் சோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உடலுக்குக் கேடான இரசாயனங்களும் உலோகங்களும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காசுக்கு ஒரு தட்டுக் கோழி முட்டை வாங்கினால் வீடு முழுக்கச் சாப்பிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்கலாம். நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்திலேயே ஆமை பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. மாநில அதிகாரப் பட்டியலில், ஆற்று மீன்பிடிப்போடு சேர்த்து, ஆமையும் மாநிலத்தின் பொறுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஜொகூருக்கு 1984-ஆம் ஆண்டு விதிகள் உண்டு; உரிமம் இல்லாமல் முட்டை எடுப்பது குற்றம். எல்லாவற்றையும் இழந்த பிறகு திரெங்கானு, 2022 ஜூன் முதல் எந்தக் கடலாமையின் முட்டையையும் விற்கக் கூடாது என்று தடை போட்டது.

அடுத்த விடுமுறைக்குத் தீவுக்குப் போகும் குடும்பங்கள் இரவில் கரையில் நடக்க நேர்ந்தால் டார்ச் விளக்கை அணைத்து வைத்திருங்கள். ஆமை ஏறி வருவதைக் கண்டால் அசையாமல் பின்னால் தள்ளி நில்லுங்கள். அதன் முகத்துக்கு எதிரே போகாதீர்கள். கைத்தொலைபேசியில் வெளிச்சம் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். கடலில் மிதக்கும் பை, ஆமைக்கு அதன் இரையான ஜெல்லி மீன் போலத் தோன்றும். காலையில் டிராக்டர் தடம் கண்டால் தோண்டிப் பார்க்காமல் தீவில் இருப்பவர்களிடமோ மீன்வளத் துறையினரிடமோ சொல்லுங்கள்.

குளுவாங் வாசகி, கம்பி வலையில் எழுதியிருந்த தேதியைக் குறித்து வைத்திருந்தால் அதோடு ஐம்பத்தைந்து நாள் கூட்டிப் பார்க்கட்டும். அந்த வாரத்தில் மாமியாரையும் அழைத்துக்கொண்டு மறுபடி படகேற முடிந்தால், அவர் சின்ன வயதில் சந்தைக் கூடையில் மட்டுமே பார்த்தது கடலுக்கு ஓடுவதைப் பார்க்கலாம்.